நெய்யாற்றங்கரைத் திருச்சபைகள் – 9: மடத்தின் மதிலைத் தாண்டி வந்தவர்கள்

ஜான் ஆப்ஸ் ஐயர் 1845-ஆம் வருஷத்தில் பாறசாலையைத் தமது ஊழியத்தின் மத்திய ஸ்தானமாகக் கொண்டதையும், தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட பிரகடனம் நாடார் குல மாதருக்கு மார்பை மறைக்கும் உரிமையை வழங்கியதையும், மேற்குலத்துப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்று அப்பிரகடனமே கூடவே ஒரு வேலியைப் போட்டு வைத்ததையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். லண்டன் மிஷனார் இப்படி உள்நாட்டுக் கிராமங்களில் பள்ளிக்கூடமும் ஆலயமுமாகப் பரவி வந்த அந்தக் காலத்தில், கத்தோலிக்க வேதமோ பெரும்பாலும் கடற்கரையோடு நின்றிருந்தது. பூவாற்றிலும் பொழியூரிலும் சவேரியார் காலத்துப் பரம்பரை அறுபடாமல் இருந்தது. ஆனால் கடற்கரை மணலை விட்டுக் கிழக்கே ஏறி, பனங்காடுகளையும் மரச்சீனித் தோட்டங்களையும் ஏலாக்களையும் கடந்து நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று உள்ளே போகப்போக, திவ்விய பூசைக்கு வழியில்லாத குடும்பங்களே அதிகம். அந்த உட்பிரதேசத்துக்குக் குருமார் எவ்வாறு வந்தார்கள், வந்தவர்களிற் பலர் மடத்துத் துறவிகளாக இருந்த அதிசயம் எவ்வாறு நேர்ந்தது என்பதையே இனிச் சொல்லப் புகுகிறேன்.

சுவிட்சர்லாந்து தேசத்தில், மலைகளுக்கு நடுவே ஐன்சீடெல்ன் என்றொரு க்ஷேத்திரம் உண்டு. மைன்ராட் என்னும் ஏகாந்தவாசி காட்டிலே குடிசை கட்டித் தவம் புரிந்து, 861-ஆம் வருஷத்தில் கள்வர் கையால் மாண்ட இடத்தில், 934-இல் அர்ச்சியசிஷ்ட ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் ஒரு மடத்தை ஸ்தாபித்தார்கள். அங்கே கறுத்த திருமேனியுடன் விளங்கும் தேவமாதாவின் சுரூபத்தைத் தரிசிக்க ஐரோப்பாவின் பல திக்குகளிலிருந்தும் யாத்திரிகர் வந்துகொண்டே இருப்பர். அந்த மடத்தின் நிழலில், யாத்திரிகருக்கு வேண்டிய ஜெபப் புத்தகங்களையும் படங்களையும் அச்சிட்டு, கடல் கடந்து நியூயார்க் வரையில் கிளை பரப்பிய பென்சிகர் என்னும் பதிப்பகக் குடும்பத்தில், 1864 ஜனவரி 31-ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஐன்சீடெல்ன் மடத்தோடு தொடர்புடைய ஒரு புராதனத் தபோதனரின் பெயரையே எடுத்து, அக்குழந்தைக்கு அடெல்ரிக் என்று ஞானஸ்நானத்தில் நாமகரணம் செய்தார்கள். பிற்காலத்தில் கொல்லத்து மேற்றிராணியாராகத் தென்திருவிதாங்கூரின் எல்லைக் கிராமங்களுக்கு ஞானப்பிதாவாக விளங்கிய அலோசியஸ் மரிய பென்சிகர் ஆண்டகை அவரேதான்.

ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு 73 அத்தியாயங்கள் கொண்டது. அதன்படி துறவு பூணுகிறவன் தான் சேர்ந்த மடத்தை விட்டு அகலாது அங்கேயே ஆயுள் முழுவதும் நிலைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறான். மணி அடித்தால் ஜெபம், மணி அடித்தால் வேலை, வாசலுக்கு வருகிற விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்றல் என்று, அவனுடைய உலகம் மதிலுக்குள் முழுமை பெறுகிறது. அத்தகைய வாழ்வைப் பிள்ளைப்பருவம் முதலே கண்ணெதிரில் கண்டு வளர்ந்த அடெல்ரிக், அச்சகத்தின் வாரிசுரிமையைத் துறந்தபோது அந்த மடத்தினுள் புகவில்லை. 1884-இல் பெல்ஜியம் தேசத்துப் புரூஜ் நகரில் கார்மேல் சபையைத் தேடிச் சேர்ந்தார். கார்மேல் சபையாரும் மௌனத்தையும் ஏகாந்தத்தையும் உயிராகப் போற்றுகிறவர்களே. ஆயினும் மலையாளக் கரையில் வேதம் போதிக்கும் பாரம் நெடுங்காலமாக அவர்கள் தோள்மீது இருந்தது. குருப்பட்டம் பெற்று இரண்டு வருஷங்களுக்குள், 1890-இல், அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1900-இல் கொல்லத்துக்கு உதவி மேற்றிராணியாராக நியமனம் பெற்று, அதுவரை அங்கே மேற்றிராணியாராக இருந்த ஓசி ஆண்டகை காலமான 1905-இல் அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

அந்த நாளையக் கொல்லம் மேற்றிராசனம் எத்தனை விஸ்தாரமானது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். 1329-இல் பாப்பரசரால் நிறுவப்பட்டு, இந்தியாவின் முதல் இலத்தீன் மேற்றிராசனம் என்ற பெருமை பெற்ற அது, தெற்கே கன்னியாகுமரி முனை வரையில் நீண்டிருந்தது. கொல்லத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஐம்பது மைலுக்கு மேல். திருவனந்தபுரம் வரையிலாவது 1918-இல் ரயில் வந்தது. அதற்கும் தெற்கே, பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் ஓடியது 1979-இல்தான். ஆகவே, பென்சிகர் ஆண்டகையின் காலத்தில், அவருடைய குருமார் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மாட்டுவண்டியையும் தங்கள் கால்களையுமே நம்பி இயங்கினார்கள். இரண்டு பாஷைகள் கலந்து வழங்கும் பூமி அது. வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், கச்சேரியில் மலையாளம் என்று ஒரே மனிதன் ஒரே நாளில் நாக்கை மாற்றிக்கொள்ளும் அப்பிரதேசத்தில், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு துறவி பூசையை இலத்தீனில் நிறைவேற்றி, ஞானோபதேசத்தை மலையாளத்தில் சொல்லி, சாகக்கிடக்கும் ஒரு பனையேறியின் பாவசங்கீர்த்தனத்தை அவனுடைய தமிழிலேயே கேட்க வேண்டியிருந்தது.

பங்குப் பரிபாலனம் என்று நாம் இரண்டு வார்த்தைகளில் சொல்லிவிடுகிற காரியம் அந்நாட்களில் என்னவாக இருந்தது? ஒரு விசாரணைக் குருவின் பொறுப்பில் ஒரு கோயில் அன்று. கிளைக் கோயில்கள் பல. அவற்றுள் அநேகம் ஓலைக் கூரையும் மண்சுவருமான சிற்றறைகள். வார நாட்களில் அதுவே பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமையில் அதுவே பூசைக்குரிய பீடம் அமையும் ஸ்தலம். குருவானவர் மாதத்துக்கொரு முறை வருகிற இடத்தில் மற்ற நாட்களையெல்லாம் நடத்தியவர் உபதேசியார். சம்பளம் சொற்பம், ஆனால் மந்திரங்களைச் சொல்லிக் கொடுப்பதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், அவஸ்தைப்பூசுதலுக்காக இரவோடிரவாகக் குருவைத் தேடி ஓடுவதும், கலியாணத்துக்கு முன் இரு வீட்டாரின் உறவுமுறையை விசாரித்துச் சொல்வதும், கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்டு அதிகாரிகளுக்கு மனு எழுதுவதும் அவர்தாம். ஐரோப்பியத் துறவிகளின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. உபதேசியார்களின் பெயர்களை அவ்வளவு கவனமாக எவரும் பொறித்து வைக்கவில்லை. அந்தக் குறையை நான் குறை என்றே எழுதுகிறேன். நெய்யாற்றங்கரையில் திருச்சபை வேரூன்றியதன் பாதிக் கதை அவர்களுடையது. அந்தப் பாதி, குடும்பங்களின் ஞாபகத்தில் மட்டும் தங்கி, ஒவ்வொரு முதியவரின் மரணத்தோடும் குறைந்துகொண்டு வருகிறது.

வேதத்தில் சேர்ந்த ஜனங்கள் ஏன் சேர்ந்தார்கள் என்ற கேள்வியைச் சரித்திரக்காரர் பலர் ஒருவித ஏளனத்தோடு கேட்டிருக்கிறார்கள். சோற்றுக்கும் துணிக்கும் சேர்ந்தார்கள் என்பது அந்த ஏளனத்தின் சாரம். நான் அதை ஒப்புவதற்கில்லை. நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், 1888-இல், ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார் ஸ்ரீ நாராயண குரு. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, புலையர் வீட்டுப் பெண் குழந்தையை ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முயன்று, பள்ளிக்கூடமே எரிந்துபோகும்படியான கலகத்தைச் சந்தித்தார். 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரையில், கோயிலுக்குப் போகும் பாதையில்கூட நடக்கக் கூடாதவர்களாக ஒரு பெருங்கூட்டம் இருந்தது. அருவிப்புறத்துப் பிரதிஷ்டையும், அய்யன்காளியின் பள்ளிக்கூடப் போராட்டமும், ஓலைக் கொட்டகையில் நடந்த ஞானஸ்நானமும் ஒரே தாகத்தின் பல ஊற்றுகள். தலை நிமிர்ந்து கடவுளின் முன்னால் நிற்க ஆசைப்பட்டவனிடம், அவனுடைய ஆசையில் எத்தனை பங்கு ஆத்மார்த்தம், எத்தனை பங்கு மானம் என்று தராசு பிடிக்க நமக்கு என்ன அதிகாரம்?

அதே நியாயத்தால் மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஞானஸ்நானத் தொட்டி ஒன்றாக இருந்தும், ஜாதி கோயிலுக்கு வெளியில் நின்றுவிடவில்லை. கடற்கரையார் வேறு, நாடார் வேறு, புலையர் சாம்பவர் வேறு என்று கோயில்களே ஊருக்கு ஊர் தனித்தனியே எழுந்தன. பெண் கொடுக்கல் வாங்கல் அந்தந்த வட்டத்துக்குள்ளேயே நின்றது. தேசமெங்கும் நிலவிய ஒரு ரோகத்தைச் சில துறவிகள் ஓராயுளில் போக்கியிருக்கக்கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால், ஓர் அடிமையின் சந்ததியானும் ஒரு வேளாளன் சந்ததியானும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கவேண்டும் என்ற போதனை ஞாயிறுதோறும் ஒலித்தும், திங்கட்கிழமையில் பழைய கணக்கே நடந்து வந்ததை, புகழ்ச்சி மிகுந்த விசாரணைச் சரித்திரங்கள் தாண்டிச் செல்வது சரியன்று.

பென்சிகர் ஆண்டகை செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது 1906-இல் நடந்தது. திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பராமரிப்பதற்காக, தமது தாய்நாட்டு மென்சிங்கன் நகரத்துத் திருச்சிலுவைச் சபைக் கன்னியாஸ்திரீகளை அவர் வரவழைத்தார். பிறர் மலத்தையும் சீழையும் தொடுவது தாழ்ந்த ஜாதியின் வேலை என்று கருதப்பட்ட சமஸ்தானத்தில், வெள்ளைக்காரப் பெண்கள் முழந்தாளிட்டு அதைச் செய்ததைக் கண்ட ஜனங்களின் மனத்தில் ஏற்பட்ட அதிர்வை எந்தப் பிரசங்கமும் உண்டாக்கியிருக்க முடியாது. எல்லைக் கிராமங்களிலிருந்து தாதித் தொழிலுக்குப் புறப்பட்டுப் பாரசீக வளைகுடா வரையில் சென்று குடும்பங்களைத் தாங்கிய பெண்களின் நெடிய வரிசையை நினைக்கும்போதெல்லாம், அதன் ஆரம்பங்களில் ஒன்றாக அந்த 1906-ஆம் வருஷத்தை நான் கருதுகிறேன்.

அவருடைய காலத்திலும் அவருக்குப் பின்னும் வந்த பெல்ஜியம் தேசத்துக் கார்மேல் துறவிகளில் ஒருவர் பெயர் இன்றும் இப்பக்கத்தில் வழிபாட்டுக்குரியதாக இருக்கிறது. காட்டாக்கடைக்கு அருகிலுள்ள முதியவிளையில் ஊழியம் புரிந்த அதெயோதாத்துஸ் சுவாமியைச் சொல்கிறேன். ஊரார் அவரை அவருடைய இலத்தீன் பெயரால் அழைக்கவில்லை. "முதியவிளை வலியச்சன்" என்றே அழைத்தார்கள். மடத்தின் மௌனத்தை நாடித் துறவு பூண்டவர், மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடந்த குடில்களை நாடி நடந்தே வயதானார், 1968-இல் மறைந்தார். ஐரோப்பாவில் பிறந்து, தான் பிறந்த ஊரின் பெயர்கூட வாயில் நுழையாத ஜனங்களுக்கு மூத்த தகப்பனாகிவிடுவது ஒரு மனிதன் அடையக்கூடிய பெரிய பேறுகளில் ஒன்று. திருச்சபை அண்மைக் காலத்தில் அவரையும் பென்சிகர் ஆண்டகையையும் இறை ஊழியர் என அறிவித்து, புனிதர் பட்டத்துக்கான விசாரணையைத் தொடங்கியிருக்கிறது. ஜனங்கள் அந்த விசாரணையை எப்போதோ முடித்துவிட்டார்கள்.

1930-ஆம் வருஷம் இந்தச் சரித்திரத்தில் இரண்டு விதங்களில் முக்கியமானது. மே 26-இல், கொல்லம் மேற்றிராசனத்தின் தெற்குப் பகுதி பிரிந்து, கோட்டாறு தனி மேற்றிராசனமாயிற்று. செப்டம்பர் 20-ஆம் தேதி, கொல்லத்து ஆண்டகையின் சிற்றாலயத்தில், யாக்கோபு பாரம்பரியத்து மேற்றிராணியாரான மார் இவானியோஸும், மார் தியோபிலோஸும், அவர்களோடு ஒரு குருவும் ஒரு தியாக்கோனும் ஒரு சாமானிய விசுவாசியுமாக ஐந்து பேர் பென்சிகர் ஆண்டகையின் முன்னிலையில் விசுவாசப் பிரமாணம் செய்து, ரோமைத் திருச்சபையோடு ஐக்கியமானார்கள். தமக்குரிய இலத்தீன் முறையைச் சேர்ந்தவர்களாக அவர்களை மாற்றிக்கொள்ள அவர் நினைக்கவில்லை. அந்தியோக்கியப் பாரம்பரிய வழிபாடு அப்படியே அவர்களிடம் நிலைத்தது. மறு வருஷமே, 1931-இல், பென்சிகர் ஆண்டகை பதவியைத் துறந்து, திருவனந்தபுரம் கார்மல் ஹில் மடத்தில் சாதாரணத் துறவியாகப் போய் அமர்ந்தார். மடத்தை விட்டிறங்கி வந்தவர், நாற்பது வருஷ உழைப்புக்குப் பின் மடத்துக்கே திரும்பி, 1942 ஆகஸ்டு 17-இல் அங்கேயே கண் மூடினார். இதற்கிடையில், 1937-இல், நெய்யாற்றின்கரைப் பகுதியை உள்ளடக்கிய திருவனந்தபுரம் இலத்தீன் மேற்றிராசனம் ஏற்பட்டு, கார்மேல் சபையைச் சேர்ந்த டெரேரே ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார்.

மார் இவானியோஸும் துறவியே. மாவேலிக்கரையில் 1882-இல் பிறந்து, எம்.ஏ. பட்டம் பெற்று, செராம்பூர்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அவர், 1919-இல் பெருநாட்டு மலைச்சரிவில் பெத்தனி ஆசிரமத்தை நிறுவி, காவியுடுத்த கிறிஸ்தவ சந்நியாசத்துக்கு வழி வகுத்தார். 1932-இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், இவ்வாறு ஐக்கியமான மலங்கரைக் கத்தோலிக்கருக்குத் திருவனந்தபுரத்தைத் தலைமை ஆசனமாக ஏற்படுத்தியதும், அந்தக் காவி எல்லைக் கிராமங்களை நோக்கித் தெற்கே இறங்கிற்று. சுரியானிப் பாரம்பரியத்தோடு எள்ளளவும் சம்பந்தமில்லாத நாடார் குடும்பங்களும் பிறரும், பாறசாலையிலும் மார்த்தாண்டத்துப் பக்கத்திலும், அந்தியோக்கிய முறைப்படி குர்பானா காணத் தொடங்கினார்கள். மார் இவானியோஸுக்குப் பின் 1955 முதல் 1994 வரையில் ஆட்சி புரிந்த பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் ஆண்டகையும் பெத்தனித் துறவிதான். ஆசீர்வாதப்பரின் பெயரையே தமதாகப் பூண்டவர்.

ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளே நம் தேசத்துக்கு வந்த கதையை இங்கே சுருக்கமாகத் தொட்டுக்கொள்வது அவசியம். பிரான்சு தேசத்துக் கெர்கோனான் மடத்துத் துறவியான ஆன்றி லெ சோ 1948-இல் கடல் கடந்து வந்து, காவேரிக்கரைக் குளித்தலையில் விசாரணைக் குருவாக இருந்த மொன்ஷானின் சுவாமியை அடைந்தார். மொன்ஷானின் ஏழைகளின் நடுவே வருஷக்கணக்காகப் பங்குப் பணி செய்து இளைத்தவர். லெ சோ, கொசவப்பட்டிக் கிராமத்தில் தங்கித் தமிழ் கற்றார். இருவருமாக 1950 மார்ச்சு 21-ஆம் தேதி, ஆசீர்வாதப்பர் திருநாளில், தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸ் 1955-இல் இந்தியாவுக்கு வந்து, 1958-இல் மேனாட்டுத் துறவியான பிரான்சிஸ் ஆசார்யாவோடு சேர்ந்து, மலங்கரைச் சபையின் நிழலில் குரிசுமலை ஆசிரமத்தை எழுப்பி, பத்து வருஷங்களுக்குப் பின் சாந்திவனத்தை ஏற்று, 1993-இல் மறையும் வரை அங்கே இருந்தார். குரிசுமலையில் அந்த மேனாட்டுத் துறவிகள் விடியற்காலையில் பாடிய சுரியானி ஜெபங்களும், பாறசாலைக் கிராமத்துக் கோயிலில் ஒரு கொத்தன் வீட்டுப் பிள்ளை தூபக்கலசம் ஏந்தி நின்று கேட்ட ஜெபங்களும் ஒரே வழிபாட்டைச் சேர்ந்தவை. தத்துவம் தேடி வந்த துறவிக்கும் மானம் தேடி வந்த கிராமத்தானுக்கும் ஒரே வழிபாடு போதுமானதாக இருந்தது என்பதைவிட, அந்த வழிபாட்டின் ஆழத்துக்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நெய்யாற்றின்கரையையும் சேர்த்து ஒன்பது தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கவேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடி, 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்ப்பலி நேர்ந்ததை வாசகர்கள் அறிவார்கள். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் ஒரு சோதனைச் சாவடி முளைத்தது. ஒரு விசாரணையைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள் இரண்டு ராஜ்யத்துப் பிரஜைகளானார்கள். பள்ளிக்கூடத்தில் பாஷை பிரிந்தது. கோயிலிலும், காலக்கிரமத்தில், தெற்கே தமிழ் வழிபாடும் வடக்கே மலையாள வழிபாடும் என்று பிரிந்தன. ஆயினும் திருநாள் கொடியேற்றத்துக்கும் கலியாணத்துக்கும் சாவுக்கும் ஜனங்கள் அந்தச் சாவடியைப் பொருட்படுத்தாமல் இருபுறமும் நடந்துகொண்டே இருந்தார்கள்.

மேற்றிராசனங்களின் எல்லைகளும் பின்னர் மாறின. 1996-இல் நெய்யாற்றின்கரை இலத்தீன் மேற்றிராசனமும், அதே வருஷத்தின் இறுதியில் மார்த்தாண்டம் மலங்கரை மேற்றிராசனமும் உண்டாயின. கோட்டாற்றிலிருந்து குழித்துறை 2014-இல் பிரிந்தது. 2017 ஆகஸ்டு 5-ஆம் தேதி, பாறசாலை தனி மலங்கரை மேற்றிராசனமாக உயர்த்தப்பட்டு, தாமஸ் மார் யூசேபியோஸ் ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாராக நியமிக்கப்பட்டார். ஜான் ஆப்ஸ் ஐயரின் பாறசாலையில் இன்று தென்னிந்தியத் திருச்சபையாரும், இரட்சணிய சேனையாரும், இலத்தீன் கத்தோலிக்கரும், மலங்கரைக் கத்தோலிக்கரும் ஒருவர் கோயில்மணி மற்றவர் காதில் விழும் தூரத்தில் வாழ்கிறார்கள். அவர்களுள் லண்டன் மிஷனின் வாரிசுகள் 1947-இல் ஐக்கிய சபையானபோது எல்லைக் கிராமங்களில் நேர்ந்த மாறுதல்களை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.